சிவில் 3டி-யில் ஐஆர்சி சாலை வகுப்பு: எச்சரிக்கை வரவில்லை என்றால் டிசைன் சரி என்று அர்த்தமா?

2024 ஜூன் 3, கேள்வி

சாலை வடிவமைப்பு மென்பொருளான சிவில் 3டி-யில் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் (ஐஆர்சி) விதிப்படி ஒரு சாலை: மாநில நெடுஞ்சாலை, சமவெளி, இரண்டு லேன், 80 கி.மீ. வேகம். அலைன்மெண்டில் (சாலையின் மையக்கோடு) டிசைன் ஸ்பீடு 80 கொடுத்து, மென்பொருளோடு வந்த மெட்ரிக் கிரைட்டீரியா ஃபைலை (விதி எண்கள் உள்ள ஃபைல்) தேர்ந்தெடுத்தேன். அலைன்மெண்டிலும் புரொஃபைலிலும் (நீளவாக்கில் ஏற்ற இறக்கம்) ஒரு மஞ்சள் ஆச்சரியக்குறிகூட வரவில்லை. சரிபார்த்தவர்கள் சம்மிட் கர்வ்களில் (முகட்டு வளைவுகளில்) பாதியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாலை வகுப்பை எங்கே அமைப்பது? அப்படி ஒரு இடமே கண்ணில் படவில்லை.

ஜூன் 3, இரவு

கண்ணில் படாததற்குக் காரணம், அப்படி ஒரு இடம் அதில் இல்லை. சிவில் 3டி-க்கு மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, கிராமச் சாலை எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்தது வேகம் ஒன்றுதான். இந்தச் செயினேஜிலிருந்து (சாலை நெடுகத் தூரக் குறி) இந்த வேகம், இந்த வேகத்துக்கு இந்த அட்டவணை. வகுப்பையும் நிலத்தோற்றத்தையும் வைத்து வேகத்தை முடிவு செய்வது நம் வேலை. அந்த வேகத்துக்கு ஐஆர்சி என்ன கேட்கிறது என்று அட்டவணையில் எழுதி வைப்பதும் நம் வேலைதான்.

நீங்கள் தேர்ந்தெடுத்தது ஆஷ்டோ, அமெரிக்க விதி. அதில் 80-க்கு நிறுத்தப் பார்வைத் தூரம் (எதிரே உள்ள பொருளைக் கண்டு வண்டியை நிறுத்தத் தேவையான தூரம்) 130 மீட்டர், சம்மிட்டுக்குக் குறைந்தபட்ச கே (ஒரு சதவீதச் சரிவு வித்தியாசத்துக்கு எத்தனை மீட்டர் வளைவு) 26. ஐஆர்சி-யில் பார்வைத் தூரம் 120 மீட்டர்தான், ஆனால் கே 32.7 வருகிறது. தூரம் குறைவு, வளைவு நீளம் அதிகம். குழப்பமாகத் தெரியும், காரணம் எளிது. ஆஷ்டோ ஓட்டுநரின் கண் 1.08 மீட்டர் உயரத்திலும் எதிரே உள்ள பொருள் 0.60 மீட்டர் உயரத்திலும் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. ஐஆர்சி-யில் கண் 1.2 மீட்டர், பொருள் வெறும் 0.15 மீட்டர். சாலையில் கிடக்கும் சின்னக் கல்கூடத் தெரிய வேண்டும் என்பதால் முகடு தட்டையாக வேண்டும்.

உதாரணமாக +2.0 சதவீதமும் −1.5 சதவீதமும் சந்திக்கும் இடம். வித்தியாசம் 3.5. ஆஷ்டோ ஃபைலுக்கு 91 மீட்டர் போதும், எச்சரிக்கை வராது. ஐஆர்சி கேட்பது சுமார் 115 மீட்டர். திரும்பி வந்த கர்வ்கள் எல்லாம் இந்த 91-க்கும் 115-க்கும் நடுவில் இருக்கும், பாருங்கள்.

ஜூன் 4

வேகத்தை முடிவு செய்வது முதலில். ஐஆர்சி 73, 1980 பதிப்பின்படி நிலத்தோற்றம் சாலைக்குக் குறுக்கே உள்ள நிலச் சரிவை வைத்துத்தான். 10 சதவீதம் வரை சமவெளி, 10 முதல் 25 வரை ரோலிங் (மேடுபள்ள நிலம்), 25 முதல் 60 வரை மலை, அதற்கு மேல் செங்குத்து மலை. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளுக்குச் சமவெளியில் ரூலிங் (வழக்கமாகப் பின்பற்ற வேண்டியது) 100, மினிமம் (அதற்கு இடம் தராத இடத்தில்) 80. ரோலிங்கில் 80, 65. மலையில் 50, 40. செங்குத்தில் 40, 30. மாவட்ட முக்கியச் சாலைக்குச் சமவெளியில் 80, 65. மாவட்ட இதரச் சாலைக்கு 65, 50. கிராமச் சாலைக்கு 50, 40.

ரூலிங், மினிமம் இரண்டும் தனித்தனி வேகங்கள், அட்டவணையிலும் தனித்தனி வரிசைகள். இதில்தான் நான் பார்க்கும் ஃபைல்களில் பாதி சறுக்குகின்றன. ஐஆர்சி 73-இல் "ரூலிங் மினிமம் ரேடியஸ் 360, அப்சல்யூட் மினிமம் 230" என்று ஒரே வரியில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு 100 வேக வரிசையிலேயே 230-ஐ எழுதிவிடுவார்கள். 230 என்பது 80 வேகத்துக்கான ஆரம். 100-இல் அதைப் போட்டால் தேவைப்படும் பக்க உராய்வு என்ன? வேகத்தின் வர்க்கத்தை 127 மடங்கு ஆரத்தால் வகுத்தால் 0.342. சூப்பர் எலிவேஷன் (வளைவில் சாலையை உள்பக்கம் சாய்க்கும் சரிவு) 0.07-ஐக் கழித்தால் 0.272. அனுமதி 0.15. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மென்பொருள் வாய் திறக்காது, ஏனென்றால் 230 போதும் என்று நாம்தான் அதற்குச் சொல்லியிருக்கிறோம்.

சரியான வரிசைகள்: 100-க்கு 360, 80-க்கு 230, 65-க்கு 155, 50-க்கு 90, 40-க்கு 60. இவை 7 சதவீத சூப்பர் எலிவேஷனுக்கு. பனி விழாத மலையில் 10 சதவீதம் அனுமதி என்பதால் 40-க்கு 50, 30-க்கு 30. ஆகவே 7-க்கு ஒரு அட்டவணை, 10-க்கு ஒரு அட்டவணை என்று ஒரே ஃபைலுக்குள் தனித்தனிப் பெயரில் வையுங்கள்.

65 வரிசையை மறக்க வேண்டாம். ஆஷ்டோ மெட்ரிக் 60, 70 என்று பத்துப் பத்தாகப் போகும். ஃபைலை நகலெடுத்துத் திருத்தும்போது 65 விடுபடுவது வாடிக்கை.

ஜூன் 4, மாலை

ஃபைல் எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். புரோகிராம்டேட்டாவுக்குள் ஆட்டோடெஸ்க், உங்கள் பதிப்பு, டேட்டா, காரிடார் டிசைன் ஸ்டாண்டர்ட்ஸ், மெட்ரிக். எக்ஸ்எம்எல் ஃபைல். அதைத் தொடாதீர்கள். நகலெடுத்து, புராஜெக்ட் ஃபோல்டரில் எல்லோருக்கும் தெரியும் பொதுப் பாதையில் வைத்து, நகலை டிசைன் கிரைட்டீரியா எடிட்டரில் திறங்கள். சி டிரைவிலேயே விட்டால் பக்கத்து மேசையில் அதே டிராயிங்கைத் திறப்பவருக்கு ஃபைல் கிடைக்காது. பெயரிலேயே விதி எண், அதிகபட்ச சூப்பர் எலிவேஷன், கேம்பர் (நேர்ச் சாலையில் நடுவிலிருந்து இரு பக்கமும் இறங்கும் சரிவு) மூன்றும் தெரியட்டும்.

இந்தியா கண்ட்ரி கிட்டில் (இந்தியாவுக்கான அமைப்புகளின் தொகுப்பு) வரும் ஃபைலும் நல்ல தொடக்கம்தான். ஆனாலும் எண்களை விதிப் புத்தகத்தோடு ஒரு முறை ஒத்துப் பார்க்காமல் பயன்படுத்தக் கூடாது.

ஜூன் 6

கே அட்டவணை. இங்கே நூறு மடங்குப் பிழை எளிதில் நுழையும்.

ஐஆர்சி எஸ்பி 23-இல் சம்மிட் நீளம் என்பது சரிவு வித்தியாசம் பெருக்கல் பார்வைத் தூர வர்க்கம், வகுத்தல் 4.4. அந்தச் சரிவு வித்தியாசம் பின்னமாக, அதாவது 0.035 என்று இருக்க வேண்டும். சிவில் 3டி-யின் கே என்பது ஒரு சதவீத வித்தியாசத்துக்கு எத்தனை மீட்டர் என்பது. ஆகவே வகுப்பது 440-ஆல். வேல்லி கர்வுக்குத் (பள்ளத்து வளைவு) தூர வர்க்கத்தை 1.5 கூட்டல் 0.035 மடங்கு தூரத்தால் வகுத்து, அதையும் நூறால் வகுக்க வேண்டும்.

கணக்குப் போட்டால்:
100-க்கு பார்வைத் தூரம் 180, சம்மிட் 73.6, வேல்லி 41.5
80-க்கு 120, 32.7, 25.3
65-க்கு 90, 18.4, 17.4
50-க்கு 60, 8.2, 10.0
40-க்கு 45, 4.6, 6.6

வேல்லியில் நிலைமை தலைகீழ். ஆஷ்டோ 80-க்கு 30 கேட்கிறது, ஐஆர்சி 25.3 போதும் என்கிறது. அதாவது முதல் கேள்வி கேட்டவர் முகடுகளில் குறைவாகவும் பள்ளங்களில் தேவைக்கு அதிகமாகவும் போட்டிருப்பார். பள்ளத்தில் அதிகம் என்றால் கரை மண் அளவு கூடும். அதையும் சேர்த்துத் திருத்துங்கள்.

ஜூன் 6, சிறு சேர்க்கை

பார்வைத் தூரத்தைச் சூத்திரத்திலிருந்து நேரடியாகக் கணக்கிட்டு எழுத வேண்டாம், விதி அட்டவணையில் உள்ளதை எழுதுங்கள். 80-க்கு 2.5 விநாடி, உராய்வு 0.35 என்று வைத்தால் கிட்டத்தட்ட 128 மீட்டர் வரும். அட்டவணை 120 என்கிறது. சரிபார்ப்பவர் கையில் இருப்பது அட்டவணை. 128-ஐ வைத்து கே 37 என்று போட்டால் தவறில்லை, பாதுகாப்பும் கூடுதல்தான். ஆனால் ஒரே அறிக்கையில் இரண்டு விதமான எண்கள் இருந்தால் கேள்வி வரும்.

ஜூன் 9

"கே சரியாக இருந்தும் ஒரு கர்வைத் திருப்பிவிட்டார்கள், நீளம் 20 மீட்டர், வித்தியாசம் 0.6" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

கே அட்டவணையால் பிடிக்க முடியாதது இது. 0.6 பெருக்கல் 32.7 என்றால் 19.6 மீட்டர், மென்பொருளுக்குத் திருப்தி. ஆனால் ஐஆர்சி-யில் கர்வின் குறைந்தபட்ச நீளம் தனியாக இருக்கிறது. 100-க்கு 60 மீட்டர், 80-க்கு 50, 65-க்கு 40, 50-க்கு 30, 40-க்கு 20. கர்வே தேவைப்படாத வித்தியாசமும் உண்டு: 100-க்கு 0.5 சதவீதம், 80-க்கு 0.6, 65-க்கு 0.8, 50-க்கு 1.0, 40-க்கு 1.2. உங்கள் இடம் சரியாக எல்லையில் இருக்கிறது. கர்வே இல்லாமல் விட்டிருக்கலாம். போடுவதாக இருந்தால் 50 மீட்டர்.

இதற்கு டிசைன் செக் எழுத வேண்டும். டூல்ஸ்பேஸில் செட்டிங்ஸ் பக்கம், புரொஃபைல், டிசைன் செக்ஸ், கர்வ். நீளம் 50-க்குக் குறையக் கூடாது என்று ஒரு செக். அதே இடத்தில் லைன் என்பதன் கீழ் சரிவுக்கு ஒரு செக். சமவெளி, ரோலிங்கில் ரூலிங் சரிவு 3.3 சதவீதம், லிமிட்டிங் 5, எக்ஸெப்ஷனல் 6.7. பிறகு இவற்றை ஒரு டிசைன் செக் செட்டில் சேர்த்து, புரொஃபைல் பிராப்பர்ட்டீஸில் அந்த செட்டை டிக் செய்தால்தான் வேலை செய்யும். செக் எழுதிவிட்டு செட்டில் சேர்க்காமல் விட்ட டிராயிங்குகள் ஏராளம்.

எந்த செக்கை எழுதினாலும், எந்த அட்டவணையைத் திருத்தினாலும், ஒரு வெற்று டிராயிங்கில் வேண்டுமென்றே தவறான ஒரு அலைன்மெண்ட் போடுங்கள். 80 வேகத்தில் 229 மீட்டர் ஆரம், பக்கத்திலேயே 231 மீட்டர் ஆரம். கே 32 ஒன்று, 33 ஒன்று. நீளம் 49 ஒன்று, 51 ஒன்று. சரிவு செக்கை லிமிட்டிங் 5-க்கு எழுதியிருந்தால், சரிவு 5.1 ஒன்று, 4.9 ஒன்று. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மட்டும் மஞ்சள் குறி வர வேண்டும். இரண்டுக்கும் வந்தாலும் இரண்டுக்கும் வராவிட்டாலும் ஃபைலில் கோளாறு. சரிவு பின்னமா சதவீதமா என்ற குழப்பம் இந்தச் சோதனையில்தான் வெளியே வரும். அரை மணி நேர வேலை. இதைச் செய்யாத கிரைட்டீரியா ஃபைலை வைத்து எச்சரிக்கை இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஏற்பதில்லை.

ஜூன் 12

சூப்பர் எலிவேஷன் அட்டவணை. இங்கே ஆஷ்டோவை ஓரளவு திருத்திப் பயனில்லை, முழுதாக அழித்துவிட்டு எழுத வேண்டும். பங்கீட்டு முறையே வேறு. ஐஆர்சி, வேகத்தின் 75 சதவீதத்துக்கு மையவிலக்கு விசை முழுவதும் சரிவால் ஈடாக வேண்டும் என்கிறது. அதனால்தான் வேக வர்க்கத்தை 225 மடங்கு ஆரத்தால் வகுக்கிறோம்.

80-க்கு: 1000 மீட்டர் ஆரத்தில் 2.84 சதவீதம், 800-இல் 3.56, 500-இல் 5.69, 400-இல் 7.1 வந்து 7-இல் நிற்கும். அதற்குக் கீழ் எல்லாம் 7, உராய்வை மட்டும் சரிபார்க்க வேண்டும். 300-இல் 0.098, 230-இல் 0.149. இரண்டும் 0.15-க்குள்.

மேல் எல்லைதான் முக்கியம். கேம்பர் 2.5 என்றால் சுமார் 1140 மீட்டருக்கு மேல் கணக்கிட்ட சரிவு கேம்பரைவிடக் குறைந்துவிடும். அங்கே எண் எழுதக் கூடாது, நார்மல் கிரவுன் (கேம்பரை அப்படியே விடுவது) குறியைத்தான் எழுத வேண்டும். 1400 மீட்டருக்கு 2.03 என்று எழுதிவைத்தால் மென்பொருள் சொன்னதைச் செய்யும், சாலை முழுவதையும் 2.03-க்கு ஒருபக்கமாகச் சாய்த்துவிடும். தேவையே இல்லாத இடத்தில் கிரவுன் போய், கிராஸ் செக்‌ஷன் தாளில் ஒரு தட்டைச் சாலை வந்து நிற்கும்.

உங்கள் அலைன்மெண்டில் உள்ள ஒவ்வொரு ஆரத்துக்கும் தனி வரிசை எழுதிவிடுவது என் பழக்கம். பதினைந்து இருபது வரிசைக்கு மேல் போகாது. இடைமதிப்பு பற்றிய கவலையே இல்லை.

ஜூன் 13

மேலே எழுதியது ஐஆர்சி 73-க்கு. நான்கு வழிச் சாலைக்கு ஐஆர்சி எஸ்பி 84, பேவ்டு ஷோல்டருடன் (தளமிட்ட ஓரம்) இரண்டு வழிக்கு எஸ்பி 73 என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அட்டவணை மாறும். 73, எஸ்பி 73 இரண்டும் வேறு வேறு புத்தகம், ஃபைல் பெயரில் கவனம். அங்கே சமவெளி, ரோலிங் இரண்டுக்கும் விரும்பத்தக்க ஆரம் 400, அப்சல்யூட் 250. மலைக்கு 150, 75. விரும்பத்தக்க ஆரத்துக்கு மேல் போனால் சூப்பர் எலிவேஷன் 5 சதவீதத்தில் நிற்க வேண்டும், கீழே இருந்தால்தான் 7.

ஆக 100 வேக அட்டவணையில் 400-இல் ஒரு படிக்கட்டு. 500 மீட்டருக்குச் சூத்திரம் 8.9 என்கிறது, நாம் எழுத வேண்டியது 5. உராய்வு 0.107, கவலை இல்லை. 400-இல் 5 வைத்தாலும் 0.147 வந்து தாங்கிவிடுகிறது. 400 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதும் இதிலிருந்தே தெரியும். 250 மறுபடியும் 80-க்கான ஆரம். 100 வரிசையில் எழுதிவிடாதீர்கள்.

ஜூன் 17

டிரான்சிஷன் (நேர்ச் சாலைக்கும் வட்ட வளைவுக்கும் நடுவில் வரும் ஸ்பைரல்) நீளம். எடிட்டரில் வேகம், ஆரம் வாரியாக நீளம் எழுத இடம் இருக்கிறது. மூன்று கணக்கில் பெரியதை எழுத வேண்டும்.

80 வேகம், 300 ஆரம், 7 மீட்டர் கேரேஜ்வே (வண்டி ஓடும் அகலம்). முதல் கணக்கு முடுக்க மாற்ற விகிதம்: 80-ஐ 155-ஆல் வகுத்தால் 0.516. 0.0215 பெருக்கல் வேகத்தின் கனம், வகுத்தல் 0.516 பெருக்கல் 300. விடை 71 மீட்டர். இரண்டாவது 2.7 பெருக்கல் வேக வர்க்கம் வகுத்தல் ஆரம், 57.6 மீட்டர். மூன்றாவது சரிவு ஏறும் விகிதம்: 300 ஆரத்துக்கு 0.6 மீட்டர் அகலம் கூடுவதால் 7.6 மீட்டர். மையக்கோட்டைச் சுற்றித் திருப்பினால் பாதி அகலம் 3.8, பெருக்கல் 0.07, பெருக்கல் 150. 40 மீட்டர். உள் விளிம்பைச் சுற்றித் திருப்பினால் 80 மீட்டர்.

இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். பிவட் (சாலையைச் சாய்க்கும்போது நகராமல் நிற்கும் கோடு) எங்கே என்பதைப் பொறுத்து வெற்றி பெறும் கணக்கே மாறுகிறது. மையம் என்றால் 71, உள் விளிம்பு என்றால் 80. சூப்பர் எலிவேஷன் விஸார்டில் தேர்ந்தெடுக்கும் பிவட்டும் அட்டவணையை எழுதும்போது மனதில் வைத்த பிவட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அசெம்பிளியிலும் (சாலையின் குறுக்குவெட்டு மாதிரி) அதற்கேற்ற லேன் சப்அசெம்பிளி இருக்க வேண்டும், ஆக்ஸிஸ் ஆஃப் ரொட்டேஷன் ஏற்கும் லேன் போடாவிட்டால் பிவட் மாற்றியது காரிடாரில் வராது.

விஸார்டில் ஸ்பைரல் இருக்கும் கர்வுக்கு 100 சதவீதம் ஸ்பைரலிலேயே ஏற வேண்டும். கேம்பரை நீக்கும் பகுதி அதற்கு முன்னால் நேர்ச் சாலையில். ஸ்பைரல் போட இடமில்லாத கர்வுக்கு ஐஆர்சி மூன்றில் இரண்டு பங்கு நேர்ச் சாலையில், ஒரு பங்கு வளைவில் என்கிறது. ஆகவே அந்தப் பெட்டியில் 66.67.

ஜூன் 18

எதிரெதிர் வளைவுகள் நெருக்கமாக வரும் இடத்தில் "ஓவர்லேப்" என்று கேட்கும். தானாகச் சரிசெய் என்பதை டிக் செய்தால் மென்பொருள் செயினேஜ்களை இழுத்துப் பொருத்திவிடும், ஆனால் 1-க்கு 150 என்ற விகிதம் அங்கே கெடலாம். அந்த இடங்களில் விளிம்பு உயர மாற்றத்தை நீளத்தால் வகுத்துக் கையால் பார்க்கவும். கெட்டிருந்தால் நேர்ப்பகுதியை நீட்ட வேண்டும்.

அலைன்மெண்டை நகர்த்திய பிறகு சூப்பர் எலிவேஷன் பழையதாகிவிட்டது என்று குறி வரும். மறுகணக்குப் போட்டால் கையால் திருத்திய செயினேஜ்கள் போய்விடும். முதலில் அட்டவணையை எக்ஸலுக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 24

மலைச் சாலை பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கொல்லிமலை மாதிரி எழுபது கொண்டை ஊசி உள்ள சாலையை ஒரே வேகத்தில் வைத்தால் பனோரமா (வளைவுகளையும் எச்சரிக்கைகளையும் காட்டும் பட்டியல்) முழுவதும் மஞ்சள்தான். எச்சரிக்கை அதிகமானால் யாரும் படிப்பதில்லை, உண்மையான குறையும் அதில் புதைந்துவிடும்.

கொண்டை ஊசிக்குத் தனி விதி. குறைந்தபட்ச வேகம் 20, உள் ஆரம் 14 மீட்டர், டிரான்சிஷன் 15 மீட்டர், சரிவு 0.5-க்கும் 2.5-க்கும் இடையில், சூப்பர் எலிவேஷன் 10 சதவீதம், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் 60 மீட்டர். அலைன்மெண்ட் பிராப்பர்ட்டீஸில் டிசைன் கிரைட்டீரியா பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் 20 வேகத்தைத் தனிச் செயினேஜில் போடுங்கள். தொடக்கமும் முடிவும் நேர்ப்பகுதியில் விழட்டும், வளைவின் நடுவில் வேகம் மாறக் கூடாது. 14 என்பது உள் விளிம்பின் ஆரம். அலைன்மெண்ட் மையக்கோடு என்றால் உள்பக்கப் பாதி அகலத்தைக் கூட்டித்தான் 20 வேக வரிசையில் எழுத வேண்டும்.

வேகத்தைத் திடீரென்று இறக்கக் கூடாது என்றும் ஐஆர்சி சொல்கிறது. கீழே சமவெளியில் 80, மலை ஏறியதும் 40 என்று இருந்தால் நடுவில் 65, 50 என்று பகுதிகள் வர வேண்டும். வேகப் பட்டியலில் நான்கு வரிசை சேர்ப்பது எளிது. அந்தந்தப் பகுதியில் உள்ள வளைவுகளும் அந்த வேகத்துக்கு இருக்க வேண்டும் என்பதுதான் உழைப்பு.

வளைவில் சரிவுத் தளர்வு இன்னொன்று. புரொஃபைல் செக்குக்கு அலைன்மெண்டில் உள்ள வளைவின் ஆரம் தெரியாது. 30 கூட்டல் ஆரத்தை ஆரத்தால் வகுத்தது, அல்லது 75-ஐ ஆரத்தால் வகுத்தது, எது சிறியதோ அதைக் கழிக்க வேண்டும். 50 மீட்டர் ஆரத்தில் 1.6, 1.5. ஆகவே 6 சதவீதச் சரிவு 4.5 ஆக வேண்டும். 4-க்குக் கீழே இறக்கத் தேவையில்லை. இதைத் தனித் தாளில் வளைவு வாரியாகப் போட்டு, புரொஃபைலைக் கையால் ஒப்பிடுவதுதான் வழி.

ஜூலை 1

அகல விரிவுக்கு அட்டவணையில் எண் எழுதினால் போதாதா என்ற கேள்விக்கு: போதாது. ஆஃப்செட் அலைன்மெண்ட் போட்டு அதை லேனின் டார்கெட்டாகக் கொடுங்கள். இரண்டு லேனுக்கு 40 மீட்டர் வரை 1.5, 41 முதல் 60 வரை 1.2, 61 முதல் 100 வரை 0.9, 101 முதல் 300 வரை 0.6, அதற்கு மேல் இல்லை. டிரான்சிஷனின் தொடக்கத்தில் பூஜ்யம், வட்ட வளைவு தொடங்கும் இடத்தில் முழு அளவு, நடுவில் சீராக ஏற வேண்டும். சமவெளியில் இரு பக்கமும் பாதிப் பாதி, மலையில் முழுவதையும் உள்பக்கம் வைப்பது நல்லது.

மலையில் உள்பக்கம் வைத்தால் பிவட் மையக்கோடு இனி கேரேஜ்வேயின் நடுவில் இருக்காது. ஜூன் 17-இல் போட்ட பாதி அகலக் கணக்கு அங்கே பொருந்தாது, விரிந்த பக்கத்தின் முழு அகலத்தை எடுத்து, மலைக்கான 1-க்கு 60 விகிதத்தில் மறுபடி போடுங்கள்.